இடுப்பில் ஒரு பச்சை விளக்கு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்த அந்த இரண்டு நிமிடத்தில் நாயகி பேசிய ஒரு சொல்லைக்கூட நான் கேட்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஆராதனை. தாமதமாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கான சின்ன அறை. தற்செயலாகத் திரும்பியபோது உள்ளே ஒரு பெண், தோளில் குழந்தையோடு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை, பாடுகிற வாய் அப்படிக் கோணாது. கொஞ்சலும் இல்லை; பார்வை குழந்தைமேல் இல்லை, கூரைமேல் இருந்தது. யாரிடமோ சண்டை பிடிக்கிறாள். அறையில் வேறு ஆளே இல்லை.

அந்த இரண்டு நிமிடத்தை எழுதவேண்டும் என்று தோன்றியது. மற்றதில் பெரும்பகுதி என் கைச்சரக்கு.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

"தாய்மை என்பது ஒரு" — நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் எந்தக் கைக்குழந்தைக்காரியும் அடுத்த வரிவரை படிக்கமாட்டாள். அவளுக்கு நேரமில்லை.

"ஆறு வாரமாக அவள் தலையை ஒழுங்காக வாரவில்லை" — பொய்யில்லை. ஆனால் முதல் வரியிலேயே இரக்கம் கேட்டுக் கையை நீட்டுகிறது.

"மைக் ஊளையிட்டால் அவளுக்குப் பால் சுரந்தது."

இது இருக்கட்டும். விளக்குகிறேன்.

2

பச்சைக்குழந்தை வீறிடும் சத்தம் காதில் விழுந்ததும், தாயின் மூளையிலிருந்து ஒரு சுரப்பு இரத்தத்தில் இறங்குகிறது. அது மார்புக்குள் இருக்கும் பால்பைகளைச் சுற்றிய மெல்லிய தசைகளைப் பிழிகிறது. பால் கிளம்பிவிடுகிறது. இதில் எதுவும் அவளைக் கேட்டு நடப்பதில்லை. அழுவது நம் பிள்ளையா, எதிர்வீட்டுப் பிள்ளையா என்று அந்தச் சுரப்பு விசாரிப்பதும் இல்லை.

இனி மைக். ஒலிபெருக்கியில் வரும் சத்தத்தை அதே மைக் மறுபடி கேட்டு, மறுபடி அனுப்பி, மறுபடி கேட்டு, சுற்றிச் சுற்றிப் பெருகி "கூய்ய்ய்" என்று கத்தும். அந்தக் கூய்யும் பிள்ளையின் வீறலும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே ஜாதி.

நம் நாயகி வாரநாளில் ஒலிக்கருவி வாடகைக் கடையில் பழுது பார்ப்பவள். ஞாயிறுகளில், பதினோரு வருடமாக, இந்த ஆலயத்தின் ஒலியைப் பார்த்துக்கொள்பவள். எழுபது வயதுக்காரர்கூட அவளை மைக்கக்கா என்றுதான் கூப்பிடுவார். பிரசவத்துக்கு முன்பு தன் வேலையை வீட்டுக்காரருக்குக் கற்றுக்கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். கண்ணாடியில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிப்பார். காது மட்டும் அலங்காரத்துக்கு.

அன்று காலை, ஆலயம் நிறையும் முன்பு, மைக்குகளைச் சோதித்தார்கள். அவர் ஒலி மேஜையில், அவள் மேடையில். அவர் சத்தத்தை ஏற்றினார். கூய்ய்ய்.

"ஏங்க! மெதுவா ஏத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

"மெதுவாத்தான்மா ஏத்தினேன்."

"இதுவா மெதுவா?" அவள் வெளிர்நீல உடுப்பின் முன்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். குழந்தையோ மூலையில் கூடைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "தண்ணி கொட்டிக்கிட்டியா?"

"ஆமா. தண்ணி."

3

(இங்கே பிரசவம் இருந்தது. நான்கு பக்கம். நான் பார்த்ததில்லை, பட்டதில்லை, ஆனாலும் பிரமாதமாக எழுதியிருந்தேன். அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

4

அன்று குழந்தையை ஆண்டவருக்கு அர்ப்பணிக்கும் நாள். தாய் முன்னால் போய் நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததை இரண்டு நிமிடம் சாட்சியாகச் சொல்லவேண்டும்.

ஒலி மேஜையில் ஹெட்போன் என்கிற காதுக்கருவியோடு உட்கார்ந்து இதுவரை இருநூறு சாட்சியாவது கேட்டிருப்பாள் மைக்கக்கா. "கையில வாங்கின அந்த நிமிஷமே" என்ற இடம் வரும்போது எல்லா அம்மாக்களுக்கும் குரல் தேயும். அந்த இடத்தில் அவள் விரல் தானாக ஒலியை ஒரு துளி ஏற்றும். அவ்வளவு அத்துப்படி. தன் சாட்சியையும் அப்படியே எழுதிவிட்டாள், ஒரு தாளில். "கையில வாங்கின அந்த நிமிஷமே" என்பதும் அதில் இருந்தது.

வாங்கிய நிமிடம் அவளுக்குத் தோன்றியது என்ன? மேலே சுற்றும் மின்விசிறியின் பேரிங் போய்விட்டது, இன்னும் ஒரு மாதம் தாங்காது என்று.

வேறெதுவும் தோன்றவில்லை. காத்திருந்தாள். ஆறு வாரம் ஓடிவிட்டது. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் அடுத்த கணம் வாய் திறந்து தூங்கிப்போனாள். இந்த நிலையில் அந்தத் தாளைப் படிப்பதா? தான் சரிசெய்த மைக்கில், தான் சின்ன வயதிலிருந்து வணங்கும் இடத்தில் நின்று, பொய்யா? படிக்காவிட்டால் என்ன சொல்வது? "எனக்கு இன்னும் ஒண்ணும் வரலைங்க" என்றா?

எழுதுகிறபோது நானே அவளைச் சந்தேகித்தேன். பாசமே இல்லாதவளோ? சரி, அவள் வீட்டில் ஒரு பகல் இருந்து பார்ப்போம் என்று எழுதிப் பார்த்தேன். பிள்ளை தூங்கினால் மூக்கடியில் புறங்கையை வைத்து மூச்சு பார்க்கிறாள். திரும்பிப் போகிறாள். மறுபடி வந்து வைக்கிறாள். பிள்ளை விழித்துக்கொள்கிறது. தன்னைத்தானே திட்டிக்கொள்கிறாள். பசி அழுகை, ஈர அழுகை, சும்மா அழுகை மூன்றையும் பக்கத்து அறையிலிருந்தே பிரிக்கிறாள். இதற்கு என்ன பெயர் என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

5

ஆராதனை தொடங்கியது. பிரசங்கத்தின் பாதியில் பிள்ளை அழ, மைக்கக்கா கண்ணாடி அறைக்கு வந்தாள். அங்கே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. மூணுபிள்ளைக்காரி என்று பெயர். மூன்றாவது இடுப்பில், இரண்டாவது மேஜைக்கடியில். சுவரில் இருந்த ஸ்பீக்கர் வழியாக பாஸ்டர் உள்ளமைதி பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

"இந்த ஸ்பீக்கரை மாட்டின புண்ணியவதி யாரு?" என்றாள் மூணுபிள்ளைக்காரி.

"நான்தான்க்கா."

"சத்தத்தைக் குறைக்கிற திருகு எங்க இருக்கு?"

"வைக்கலை."

"ஏன் தாயி?"

"அம்மாமாருங்க திருகித் திருகிக் கெடுத்துடுவாங்கன்னு..."

மூணுபிள்ளைக்காரி அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நல்லா இரு."

மைக்கக்கா எழுந்துபோய் ஸ்பீக்கரின் பின்பக்க வயரைப் பிடுங்கினாள். அமைதி வந்தது. பாஸ்டர் சொன்னதைவிட வேகமாக.

"அக்கா, நீங்க மூணு தடவை சாட்சி சொன்னீங்களே. எல்லாம் நிஜமா?"

"முதல் தடவை பொய். ரெண்டாவது தடவை பாதி. மூணாவது தடவை என்ன சொன்னேன்னே ஞாபகமில்லை, எப்ப உக்காருவோம்னு இருந்துச்சு." மேஜைக்கடியில் ஏதோ வழியும் சத்தம். "ஐயோ, போயிட்டியா? எழுந்திரு, எழுந்திரு!" இரண்டாவதை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

மைக்கக்கா தனியானாள். நான் திரும்பிப் பார்த்தது இப்போதுதான். கண்ணாடிக்குப் பின்னால் அவள் உதடு அசைகிறது. எழுத்தாளன் நுழையக்கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் இதுதான். நுழைகிறேன்.

"ஆண்டவரே, கொஞ்சம் பேசணும். கண்ணை மூடமாட்டேன், மூடினா தூங்கிடுவேன், உங்களுக்கே தெரியும். பிள்ளை கேட்டேன், குடுத்தீங்க. நன்றி. ஆனா கூட வரவேண்டியது ஒண்ணு வரலை. உள்ள என்னமோ பொங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பொங்கினது பால் மட்டும்தான். அதுவும் மைக் கத்தினாலும் பொங்குது. என்ன வயரிங் இது? இவளைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்குப்பா. இவ்ளோ சின்னதா இருக்கா. இது பாசமா, பயமான்னு பிரிக்கத் தெரியலை. தெரியாம அங்க போய் நின்னு, தெரியும்னு சொல்லட்டுமா? உங்க வீட்லயே? நான் பேசறது உங்களுக்கு வருதா இல்லையா, அதுவும் தெரியலை. இந்தப் பக்கம் அனுப்பிக்கிட்டேதான் இருக்கேன். அந்தப் பக்கம் யாராவது திறந்து வெச்சிருக்கீங்களா?"

குழந்தைக்கு விக்கல் எடுத்தது. முதுகைத் தட்டக் கையை இறக்கினாள். அப்போது பார்த்தாள்.

இடுப்பில் ஒரு பச்சை விளக்கு.

6

இதையும் விளக்கவேண்டும்.

சாட்சிக்காகக் காலையிலேயே அவள் காலர் மைக் குத்திக்கொண்டிருந்தாள். சட்டைக் கழுத்தில் கடலையளவு மைக். அதன் வயர் இடுப்பில் செருகிய சின்னப் பெட்டிக்குப் போகும். பெட்டி அதைக் காற்றில் அனுப்பும். பெட்டியை யாரும் அணைக்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பேசுகிறவர்கள் அணைத்துவிட்டு மறந்துபோவார்கள். மேடையில் வாய் மட்டும் அசையும். அதனால் பெட்டி எப்போதும் பச்சையாகவே எரியும். திறப்பதும் மூடுவதும் மேஜையில் இருப்பவர் பொறுப்பு. அங்கே ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் நகரும் ஒரு சின்னத் தள்ளி உண்டு, ஃபேடர் என்பார்கள். அது கீழே இருந்தால் ஆலயத்துக்கு எதுவும் போகாது.

பதினோரு வருடமாக அவள் இந்த மைக்கைப் பிறர் சட்டையில்தான் குத்தியிருக்கிறாள். தன் சட்டையில் இருந்ததை மறந்துவிட்டாள்.

யார் கேட்டார்கள்? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: ஆலயம் முழுக்க ஒலித்துவிட்டது. பாஸ்டர் வாயடைத்தார், எல்லோரும் — வேண்டாம். மலிவான சிரிப்பு. தவிர, நானும் ஆலயத்தில்தான் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது: யாருக்கும் கேட்கவில்லை. ஃபேடர் கீழே. முடிந்தது.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒவ்வொரு ஃபேடருக்கும் மேலே ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் அந்த மைக்கில் வருவது ஆலயத்துக்குப் போகாமல், மேஜையில் இருப்பவரின் காதுக்கருவிக்கு மட்டும் போகும். ஒருவர் பேச எழும் முன்பு அவர் மைக் உயிரோடு இருக்கிறதா என்று இரகசியமாகச் சோதிக்க. "அஞ்சு நிமிஷம் முன்னாடி அமுக்கிக் கேட்டுப் பாருங்க, மறக்காதீங்க" என்று வீட்டுக்காரருக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்.

நான் நிஜமாகப் பார்த்தது இவ்வளவு: மேஜையில் இருந்த மனிதர் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கண்ணாடி அறைப் பக்கம் திரும்பினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

(அவர் நாளைக்கு நாற்பது தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறவர். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.)

7

"மைக்கக்கா, வாங்க!" என்று பாஸ்டர் மேடையிலிருந்து கண்ணாடி அறையைப் பார்த்துக் கைகாட்டிக் கூப்பிட்டார். "இத்தனை வருஷமா எங்களைப் பேசவெச்சீங்க. இன்னிக்கு நீங்க பேசுங்க, நாங்க கேக்கறோம்."

இங்கே குழந்தையை அந்தத் தாள்மேல் கக்கவைத்தேன். எழுத்தெல்லாம் கரைந்துபோனது. எனக்கு எவ்வளவு வசதி! அவள் முடிவெடுக்கவே வேண்டாம். இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். தாள் உலர்ந்தே இருக்கிறது. ஓர் எழுத்துகூட அழியவில்லை.

அவள் குழந்தையோடு வந்தாள். முன்னால் போகும் வழியில் ஒலி மேஜை. அங்கே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஃபேடரைப் பார்த்தார். கேட்டாரா என்று அவள் கேட்கவில்லை. மடித்த தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இது வேணாமா?" என்றார் அவர்.

"வேணாம்."

குழந்தையின் காலுறை நழுவியிருந்தது. அவர் அதை இழுத்துவிட்டார்.

"நீ போ. மெதுவா ஏத்தறேன்."

அவள் மேடையேறினாள். பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். அதன் மூக்கடிக்குத் தன் புறங்கை போனதை அவள் கவனிக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து நான் கவனித்தேன். வாய் திறந்தாள்.

இதற்குமேல் என்னிடம் இல்லை. அன்று அவள் சொன்னது என் காதில் விழுந்ததுதான். ஆனால் என் நாயகி அதைத்தான் சொல்வாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அவளுக்கு நான் இவ்வளவு பொய் சேர்த்த பிறகு?

அதனால் எழுந்து இடம் விடுகிறேன். மேஜையில் நீங்கள் உட்காருங்கள். காதுக்கருவியை மாட்டுங்கள். இடமிருந்து ஆறாவது ஃபேடர் அவளுடையது. முதலில் மேலே உள்ள பொத்தானை அமுக்கி, நீங்கள் மட்டும் கேளுங்கள். மூச்சுச் சத்தம் வரும். இரண்டு மூச்சு: ஒன்று பெரியது, நடுங்குகிறது, ஒன்று சின்னது, அதில் இன்னும் விக்கல் மிச்சம் இருக்கிறது. மைக் உயிரோடு இருக்கிறது.

இப்போது விரலை ஃபேடரில் வையுங்கள். ஏற்றுங்கள்.

மெதுவாக. அவசரப்பட்டால் ஊளையிடும், பிறகு என்ன ஆகும் என்று உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருக்கிறேன். அவளிடம் மாற்று உடுப்பு இல்லை.