தலைகீழாய்க் கிடந்த கட்டை

போனக்காட்டு மலைப்பாதையில் டயர் வெடித்த அன்றுதான் காரில் எப்போதும் இருக்கும் டார்ச் விளக்கைக் காணோம் என்பதே தெரிந்தது. டிரைவர் ராஜையன் மழையில் தடவித் தடவிச் சக்கரம் மாற்றினான். டாக்டர் நீலகண்டன் குடைக்கடியில் தீக்குச்சி கிழித்துக் கிழித்துக் காட்டினார். வலியசாலை வீட்டுக்குத் திரும்பியதும், “காரைத் தொடறவன் டிரைவர் ஒருத்தன்தானே, அத்திம்பேர்?” என்றான் சேஷன். டாக்டருடைய மனைவி சீதாலக்ஷ்மியின் தம்பி அவன். டாக்டரும் தலையை ஆட்டிவைத்தார்.

பேச்சு காரைவிட வேகமாக ஓடியது. ராஜையனின் மகள் ராகேலைப் பெண் கேட்டு வந்தவர்கள், “டாக்டர் வீட்டுல என்னவோ களவு போச்சாமே?” என்று விசாரித்துவிட்டு, காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

இன்று வேறொரு டார்ச் வாங்க, டாக்டர் ராஜையனையே சாலைக் கடைத்தெருவுக்குக் கூட்டி வந்திருந்தார்.

“யுத்தம் வந்தப்புறம் புதுச் சரக்குக்கு எங்க போக, சாமி?” என்று புலம்பிக்கொண்டே கடைக்காரர் குற்றாலலிங்கம் இருந்ததையெல்லாம் எடுத்துப் பரப்பினார். டாக்டர் நீளமான ஒன்றை எடுத்தார்.

“அது வேண்டாம் ஐயா, உருண்டு போவும். சக்கரம் மாத்தும்ப தரையில நிக்கணும். அடி தட்டையா உள்ளதுதான் நல்லது” என்றான் ராஜையன்.

“தட்டையா ஒண்ணு இருக்கு. ஆனா எரியமாட்டேங்கு” என்று குற்றாலலிங்கம் உள்ளேயிருந்து ஒரு பழைய டார்ச்சைக் கொண்டுவந்தார்.

டாக்டர் அமுக்கினார். எரியவில்லை. ராஜையன் அதை வாங்கி அடிமூடியைத் திருகினான். மூன்று பாட்டரிக் கட்டைகளில் கடைசிக் கட்டை தலைகீழாய்க் கிடந்தது. வண்டிக் குலுக்கத்தில் விசை தானாக அமுங்கிக் கட்டை தீர்ந்துவிடாமலிருக்க, அவன் எப்போதும் செய்துவைப்பது அது. டாக்டரும் எத்தனையோ தடவை அதற்காக அலுத்துக்கொண்டவர்தான். கட்டையைத் திருப்பிப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

“ஐயா, இது நம்ம வெளக்காக்கும்! எனக்க கை வச்சதுதான்!”

சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டான். டாக்டரின் பார்வை மாறிய பிறகுதான் உறைத்தது.

“ஓஹோ. அப்போ வித்த எடமும் இதுதானா?” என்றவர், கடைக்காரரிடம் திரும்பினார். “சொல்லும், இவன்தானே கொண்டுவந்தான்?”

“இவரா? நல்லா இருக்கே! உங்க மச்சினன் சேஷன்சாமில்லா குடுத்துட்டுப் போனாரு. வீட்டுல பெரிசு வாங்கியாச்சுன்னாரே!”

டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. காசைக் கொடுத்து அந்த டார்ச்சையே வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும், “ராஜையா, வீட்டில நான் பேசிக்கறேன். நீ வாயைத் தொறக்காதே, கேட்டியா?” என்றார்.

கிள்ளிப்பாலம் தாண்டும்போது ராஜையன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். ஐயாவே பேசுகிறாரென்றால் ஊரே கேட்குமே! பெண் கேட்டு வந்தவர்களுக்கு இன்றைக்கே ஆள் அனுப்பிவிடலாம்.

வாசலில் சீதாலக்ஷ்மி நின்றிருந்தாள். பின்னால் சேஷன், கையில் காப்பி டம்ளருடன்.

“விளக்கு கிடைச்சுடுத்து” என்றார் டாக்டர், செருப்பைக் கழற்றியபடி. “ராஜையனே ஒத்துண்டு திருப்பிக் குடுத்துட்டான். போறது, மன்னிச்சுட்டேன். இனி யாரும் இதைப் பத்திப் பேசப்படாது.”

“நான் அன்னைக்கே சொன்னேன்” என்றான் சேஷன், காப்பியை ஆற்றிக்கொண்டே.

ராஜையன் காரை விட்டு இறங்கினான். டாக்டர் காரிலிருந்து பையை எடுப்பவர்போல அருகில் வந்து குனிந்தார். “பொறுத்துக்கோடா. சேஷனுக்குத் திருநெல்வேலியில கல்யாணம் நிச்சயமாயிருக்கு. பேரு கெட்டா அந்தச் சம்பந்தம் முறிஞ்சுடும். உன் வேலைக்கு ஒரு குறைவும் வராது.”

“எனக்க வீட்டுலயும் கலியாணத்துக்கு ஒருத்தி உண்டு, ஐயா.”

டாக்டர் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

ராஜையன் கார்ச் சாவியைப் பானெட் மேல் வைத்தான். சீட்டில் கிடந்த டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“கட்டைய நேராத்தான் போட்டிருக்கேன். மன்னிக்கதுக்கு இனி வேற ஆளப் பாருங்க.”

டாக்டரின் விரல் பட்டு விளக்கு எரிந்தது. அந்த வெயிலில் அதை அணைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ராஜையன் தெருக்கோடி திரும்பும்போது, வாசலிலிருந்து சீதாலக்ஷ்மியின் குரல் உரக்கக் கேட்டது:

“மன்னிச்சும் பாருங்கோ, எத்தனை திமிரு!”