வெல்டரின் கடைசி நரம்பு

செப்டம்பர் 9, செவ்வாய். மேசைமேல் இருக்கவேண்டிய வெல்டரின் ரத்த மாதிரி அடைத்த குழாய், பழக்கதோஷத்தில் மற்ற குழாய்களோடு ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. தவறு லேப் பெண்ணுடையது.

நேற்று வைத்தது, இன்று காலையில்தான் கண்ணில் பட்டது. வெல்டர் எச்.ஐ.வி.க்குப் பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். கூடவே ஒட்டிக்கொண்டிருந்த ஹெபடைட்டிஸ் சி வைரஸைப் புது மாத்திரைகள் விரட்டிவிட்டன. அதோடு மல்லுக்கட்டியே களைத்த எதிர்ப்பு அணுக்கள் இப்போது சோம்பல் முறித்து எழுகின்றனவா என்பதுதான் ஆராய்ச்சி. குளிரில் கிடந்த அணுக்கள் சோதனையில் சரியாக அசையாது. மாமியார் வீட்டு மாப்பிள்ளை மாதிரி படுத்தே கிடக்கும்.

"அதையே டெஸ்ட்ல ஓட்டிடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் சீனியர் அக்கா, கொட்டாவி விட்டபடி.

"சிகிச்சைக்கு அப்புறமும் அணுக்கள் எழலைன்னு தப்பா வந்துடுமேக்கா."

"அப்போ நீயே போய்க் கேளு. அந்தாளு வாய் தெரியும்ல?"

தெரியும். போதை ஊசிக் காலத்தில் எல்லா நரம்பையும் பாழாக்கியவர் அவர். ரத்தம் எடுக்க இடது புறங்கையில் ஒன்றே ஒன்று மிச்சம். அதற்குக் 'கடைசி பஸ்' என்று பேர் வைத்திருந்தார்.

பட்டறைக்கு வந்த லேப் பெண்ணைப் பார்த்ததும் வெல்டர் முகமூடியைத் தூக்கினார். "என்னம்மா, என் ஆளுங்க முழிச்சுட்டாங்களா?"

"அண்ணே... உங்க ரத்தத்தை ஃப்ரிட்ஜுல வெச்சுட்டேன். மறுபடி எடுக்கணும்."

"கெட்டுப்போயிடும்னு பயந்தியா? நான் கெட்டே பல வருஷம் ஆச்சே!" சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். "சொல்லாம மறைச்சிருக்கலாமே?"

"மறைச்சா உங்க ஆளுங்க இன்னும் தூங்குறாங்கன்னு ரிப்போர்ட் வரும்ணே."

"அடிப்பாவி! மாசக்கணக்கா மாத்திரை முழுங்கினவன் நான். அவங்க முழிச்சாங்களான்னு தெரியாமத்தான் தினமும் ராத்திரி புரண்டுட்டிருக்கேன். முழிச்சிருந்தா, அந்தச் சனியன் மறுபடி வந்தாத் துரத்துவாங்களா?"

"உறுதியா சொல்ல முடியாதுண்ணே. முழிச்சிருந்தாலும் திரும்பத் தொத்தலாம்."

"நல்லா ஆறுதல் சொல்றே, போ." கையுறையைக் கழற்றி, இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரே குத்துதான். தவறினா உன்னை அந்த ஃப்ரிட்ஜ் கதவோட சேத்துப் பத்தவெச்சுடுவேன்."

"குத்தப்போறது நான் இல்லண்ணே. நர்ஸம்மா."

"அப்பாடா. அப்ப வரேன்."

நாளைக் காலை எட்டு மணி: வெல்டர், இடது புறங்கை. நரம்பு எழும்ப வெந்நீர்ப் பை எடுத்து வைக்கவேண்டும். குழாய் மேசைமேல்.