கானில் பலகை இல்லாத இரண்டு வாரம்

சொன்னால் கேட்கிற ஆளா சுகுமாறன்? பொந்தியானில் அவர்கள் அன்னாசி போட்டிருந்த மூன்று ஏக்கரும் செத்த மரமும் வேரும் மட்கிச் சேர்ந்த கறுப்பு மண். மலாய்க்காரர்கள் கம்புட் என்பார்கள். தண்ணீர் வடிகிற கானில் பலகை அடைத்து, தரைக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீரை நிறுத்தித்தான் தனலெட்சுமி ஆறு வருஷமாகப் பயிர் செய்தாள். அந்த மண் காய்ந்தால் வெறும் விறகு. அவள் புருஷன் சுகுமாறனுக்கும் அது தெரியும். ஆனாலும் செனாய் ஃபேக்டரியில் லீவு போட்டு வந்தவன், பழம் ஏற்றுகிற லாரி புதைகிறது, தண்ணீர் வடியட்டும் என்று பலகையை உருவிப் போட்டான்.

“ரெண்டு வாரம்தான்லா, தனம். நிலம் கொஞ்சம் இறுகட்டும்.”

“இறுகுறதுக்கு இது என்ன தார் ரோடாங்க?” என்று வாயடித்தாள். அதோடு விட்டும்விட்டாள்.

லாரி வந்து போன வெள்ளிக்கிழமை, நிலத்தின் நடுவில் இருந்த முனியாண்டி கல்லுக்கு அவன் வழக்கம்போல் சுருட்டுப் பற்றவைத்து, மண்ணில் செருகிவிட்டு வந்தான். ஆறு வருஷமாக அந்தச் சுருட்டு பாதியிலேயே ஈரம் ஏறி அணைந்துவிடும். சாமிக்கு அவ்வளவுதான் தம் என்று இருவரும் கேலி பேசுவார்கள். இந்த முறை அணைந்ததா என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கல்லைச் சுற்றி லேசாகப் புகை வந்தது. நெருப்பைக் காணோம். செடிகள் எல்லாம் பச்சையாகத்தான் நின்றன. சுகுமாறன் ஒரு வாளித் தண்ணீரோடு உள்ளே நடந்தான்.

“போகாதீங்க! மண்ணுக்குள்ள எரியுது!”

“அலமாக், இதுக்குப் போயி இப்படிக் கத்துறியே!” என்று சிரித்துக்கொண்டே போய்ப் புகையின்மேல் ஊற்றினான். கல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் இறங்கிப் போய்விட்டது.

அவன் பின்வாங்கினான். அவன் வந்த வழியிலேயே இரண்டு செடிகள் வேரோடு உள்ளே போயின. அந்தக் குழியிலிருந்தும் புகை கிளம்பியது.

“ஐயோ, அசையாதீங்க! அங்கேயே நில்லுங்க!”

“நிக்க முடியல, தனம். காலு சுடுது.” அவன் குரலில் சிரிப்பு போயிருந்தது. “இந்த நிலம் உனக்குத்தானே தெரியும்? எந்தப் பக்கம் வரட்டும், சொல்லு!”

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். எங்கு பார்த்தாலும் ஒரே பச்சை. எந்தச் செடிக்குக் கீழே மண் இருக்கிறது, எதற்குக் கீழே நெருப்பு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.