இடப்பக்கம் நடக்கும் மனிதன்

கோரலி அதைப் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ஏதோ கேக்காக்கும் என்று நினைத்து டீகன் அதை வாங்கி, மேஜையில் முட்டை சாண்ட்விச்சுக்கும் என்னுடைய கருகிப்போன சாஸேஜ் ரோலுக்கும் நடுவில் வைத்துவிட்டாள். வெகு நேரம் அது அங்கேயே இருந்தது. வின்ஸ் பசி தாங்காமல் துணியைப் பிரித்தபோது உள்ளே ஒரு பழைய கறுப்பு வீடியோ கேம் கன்ட்ரோலர். இடது பெருவிரல் படுகிற குச்சியின் தலையில் ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று மின்னியது. அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். வின்ஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அதை மெல்ல எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வின்ஸின் கொட்டகையில் கூடுகிற எங்களில் யாரும் கேம் ஆடுவதில் சூரப்புலி இல்லை. வின்ஸ் தக்காளி போடுகிறவன். டீகன் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். துப்பாக்கி கேம் என்றால் எனக்குத் தலை சுற்றும். செடி நடுவது, மீன் பிடிப்பது, ஊர் சுற்றுவது, இதெல்லாம் போதும். ஆனால் எந்த கன்ட்ரோலரை வாங்கலாம் என்ற பேச்சு வந்துவிட்டால் எங்களை மிஞ்ச எங்கள் ஊர் ஜெரால்ட்டனில் ஆள் கிடையாது. அந்தப் பேச்சுக்கு எங்களிடம் ஒரே ஒரு சட்டம். கையில் பிடித்துப் பார்க்காத ஒன்றை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது. அதனால் அவரவர் கன்ட்ரோலரை ரொட்டி வந்த பையில் போட்டு எடுத்துவருவோம், கூடவே ஆளுக்கொரு தட்டு சாப்பாடு. எல்லாம் கைமாறிக் கைமாறி, வீட்டுக்குப் போகும்போது கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் தக்காளி சாஸ் வாடை அடிக்கும்.

கோரலியின் கணவர் டெஸ் எப்போதாவது அங்கே வருவார். சிங்கி இறால் படகுக்காரர், விடியுமுன் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புகிறவர். வாழ்நாள் முழுக்கக் கடலில் கிடந்த அந்த மனிதர், போன குளிர்காலத்தில் ஒரு சாமான் கடையின் கார் நிறுத்துமிடத்தில், கையில் பெயின்ட் டப்பாவோடு சரிந்தார், பிறகு எழவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"பழுதாயிடுச்சு," என்றாள் கோரலி. "நான் தொடவே இல்ல, மெர்வ் பாட்டுக்கு இடது பக்கமா நடந்து போறான். போயி தண்ணியில விழுறான். வேற ஒண்ணு வாங்கணும். எது நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மெர்வ் என்பது டெஸ் வைத்த பெயர். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவன் தீவு தீவாக நடந்து, அணைந்துகிடக்கும் கலங்கரை விளக்கங்களை ஏற்றிக்கொண்டே போகிறான். அந்த கேம் அவ்வளவுதான். சண்டை கிடையாது, அவசரம் கிடையாது. தண்ணீரில் விழுந்தாலும் சாக மாட்டான். கரையில் ஒரு நெருப்பின் பக்கத்தில் மறுபடி கண் விழிப்பான். டெஸ் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவார், ஆடிக்கொண்டே தூங்கிப்போவார். பெருவிரல் மட்டும் குச்சியை இடப்பக்கம் அழுத்தியபடி கிடக்கும். மெர்வ் நடந்து நடந்து கடலில் இறங்குவான். "டெஸ், மறுபடியும் முழுகிட்டே!" என்று கோரலி சமையலறையிலிருந்து கத்துவாள். கடைசி விளக்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்குப் போக நீளமான ஒற்றைப் பலகைப் பாலம். ஒரு ஞாயிறன்று தூங்காமல் உட்கார்ந்து அதைக் கடந்தே தீர்வதாகவும், கோரலி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் அவர் சொல்லிவைத்திருந்தார். பெயின்ட் வாங்கப் போனது அதற்கு முந்தின நாள்.

"அந்த விளக்க நான் ஏத்தணும்," என்றாள் கோரலி. "வேற ஒண்ணும் வேணாம் எனக்கு. பாலத்துல கால வச்சதுமே இடது பக்கம் சாஞ்சு விழுந்துடுறான்."

வின்ஸ் கன்ட்ரோலரைக் காதருகே ஆட்டிப் பார்த்தான். வின்ஸுக்கு எதையும் ஆட்டிப் பார்க்க வேண்டும். "குச்சி உள்ள தேஞ்சு போச்சு. யாரும் தொடாதப்பவும் யாரோ தள்ளுற மாதிரியே நெனச்சுக்குது. இப்ப காந்தம் வச்ச குச்சி வந்திருக்கு பாரு, உள்ள எதுவும் எதோடயும் ஒரசாது. பத்து வருஷம் ஆனாலும் தேயாது. கண்ண மூடிக்கிட்டு வாங்கு."

"கண்ண மூடிக்கிட்டா? அப்ப இங்க சட்டம் எதுக்கு?" என்றாள் டீகன். "கையில குடுப்பா முதல்ல. உன்னோடது செங்கல் மாதிரி கனக்குது. கோரலி, என்னோடதப் புடிச்சுப் பாருங்க."

"அது சின்னப் பசங்க பொம்மை," என்றான் வின்ஸ்.

"சின்னப் பசங்க கையில நிக்கிறது எல்லார் கையிலயும் நிக்கும்."

இப்படியே போயிற்று. எனக்கு என்னுடைய வயர் வைத்த கன்ட்ரோலர்தான் உசத்தி. சார்ஜ் போட மறந்துபோகிறவர்களுக்கு அதை விட்டால் கதி இல்லை என்றேன். வயரில் நாய் தடுக்கி டிவியே விழுந்த கதையை டீகன் எடுத்துவிட்டாள். அது என் நாய்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன். கோரலி ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தாள். பட்டனை அழுத்தவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமான புதுசுல நானும் ஆடுறேன்னு அடம் புடிச்சேன்," என்றாள் திடீரென்று. "சரின்னு ரெண்டாவது கன்ட்ரோலரக் கையில குடுத்தாரு. கார் ரேஸ். அந்த மத்தியானம் பூரா ஆடுனேன். நல்லா ஆடுறேன்ல, நல்லா ஆடுறேன்லன்னு கேட்டுக்கிட்டே ஆடுனேன். பிரமாதம்னாரு. கடைசில பாத்தா என்னோடதோட வயரச் சொருகவே இல்ல."

டீகன் வாயில் வைத்திருந்த சாண்ட்விச்சோடு சிரித்தாள். "கொன்னிருக்கணும் நீங்க."

"பேசல. ரொம்ப நாள் பேசல." கோரலியும் சிரித்தாள். "ஆனா ஒண்ணு சொல்லட்டா, அன்னைக்கு ஆடுன மாதிரி நான் அப்புறம் எதையும் ஆடுனதில்ல."

கடைசியில் அவள் தேர்ந்தெடுத்தது வின்ஸ் சொன்ன காந்தக் குச்சிதான், ஆனால் உள்ளே இரண்டு சின்ன பேட்டரி போடுகிற வகை. அதென்ன பழைய காலத்து ஆள் மாதிரி பேட்டரி என்று வின்ஸ் தலையில் அடித்துக்கொண்டான். டெஸ்ஸினுடையதிலும் பேட்டரிதான், அந்தக் கனம் கைக்குப் பழகியிருக்கிறது என்றாள். விளையாடாதவளின் கைக்கு எப்படிப் பழகும் என்று நான் கேட்கவில்லை. தூங்குகிறவர் கையிலிருந்து தினமும் அதை எடுத்து வைத்தது அவள்தானே.

பெர்த்திலிருந்து பார்சல் வரும்வரை நான் வழக்கம்போல பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். கிரீனோ பக்கம் வயல்களுக்கு நடுவில் தெற்குக் காற்று வளைத்துப் போட்ட மரங்கள் இருக்கின்றன. தலைமுடி தரையில் புரள, வடக்குப் பார்த்துப் படுத்துக் கிடக்கும். அந்த வாரம் ஒரு நாள் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. இலைகூட அசையவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓரம் கட்டி, அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன். காற்றே இல்லாத வயலில் எல்லாம் அப்படியே சாய்ந்துகிடந்தன. பிறகு வண்டியை எடுத்தேன்.

பார்சல் வந்ததும் மூன்று பேரும் கோரலி வீட்டுக்குப் போனோம். மதியம் தாண்டிய நேரம். கடல் பக்கத்து ஜன்னலில் உப்புப் படிந்து, வெளிச்சம் பால் கலந்ததுபோல் உள்ளே வந்தது. டிவியில் ஒரு கடல், ஜன்னலில் ஒரு கடல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த அலைச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று தெரியாது. டெஸ்ஸின் சாய்வு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. பழைய கன்ட்ரோலர் அதன் கைப்பிடி மேல் இருந்தது. திரையில் மெர்வ் மஞ்சள் கோட்டோடு, தலையைக் குனிந்து, தன்பாட்டுக்கு இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தான். ஒரு சோம்பேறி நடை. நடந்தான், நடந்தான், அலையில் முழங்கால், இடுப்பு, தொப்பி. பிறகு நெருப்பின் பக்கத்தில் கண் விழித்து, எழுந்து, மறுபடியும் நடந்தான்.

வின்ஸ் பழையதை அணைத்துப் புதியதைப் போட்டுக் கோரலியிடம் கொடுத்தான். மெர்வ் நின்றான்.

அவ்வளவுதான் நடந்தது. நெருப்பருகே நேராக நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோட்டு மட்டும் காற்றில் ஆடியது. "பாத்தியா, ஆணி அடிச்ச மாதிரி!" என்று வின்ஸ் பெருமையாகத் திரும்பினான். கோரலி கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். கழுவுவதற்கு அங்கே ஒரு கோப்பைகூட இல்லை. நான் பின்னால் போனேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிக்கிறான், ரோண்டா," என்றாள் என்னிடம்.

"அது வந்து, கோரலி... பழசுல குச்சி தேஞ்சதாலதான்..."

"தெரியும்டி. தேய்மானம். நான் என்ன பைத்தியமா?" குழாயை மூடினாள். "யாரு தேச்சா?"

முன்னறையில் வின்ஸும் டீகனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கேட்டிருக்கிறது. வின்ஸ் வாசலில் வந்து, கையில் எதையும் ஆட்டாமல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றான். "திருப்பி அனுப்பிடலாம், கோரலி," என்றான். "விளக்கு வேணும்ல எனக்கு," என்றாள் அவள். "அதுவும் வேணும், இதுவும் வேணும். பழசோட போனா பாலத்துல விழுறான். புதுசோட போனா போறது அவரு இல்ல. நானும் தெரியாமத்தான் கேட்டேன். இப்ப நிக்கிறதப் பாத்தப்புறம்தான் தெரியுது." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டீகன்தான் பேசினாள். "ரெண்டையும் சேத்துப் போட்டா?"

அவளுக்கு நான்கு வயதில் ஒரு மகன். அவனோடு ஆடும்போது அவள் செய்கிற வேலை அது. இரண்டு கன்ட்ரோலரையும் ஒரே ஆளுக்குக் கட்டிவிடும் வசதி ஒன்று செட்டிங்ஸுக்குள் எங்கோ இருக்கிறது. பையன் தள்ளுவதும் அம்மா தள்ளுவதும் கலந்து திரையில் ஒருவனாக நடக்கும். "அவன் காரக் கொண்டுபோயி செவுத்துல மோதப் பாப்பான், நான் இந்தப் பக்கம் இழுத்துப் புடிப்பேன். தானே ஓட்டுறதா நெனச்சுக்குவான். நீங்க இழுத்துப் புடிங்க, கோரலி."

கோரலி அவளையே பார்த்தாள். "நாங்க முப்பது வருஷமா அதத்தானே செஞ்சோம், கண்ணு."

பழைய கன்ட்ரோலர் நாற்காலியின் கைப்பிடியிலேயே இருந்தது. அதை இயக்கியதும் மெர்வ் இடப்பக்கம் நடக்கத் தொடங்கினான். கோரலி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள், சோபா வேண்டாம் என்றாள். பாலத்தின் முனையில் முதல் தடவை விழுந்தான். இரண்டாவது தடவை அவள் அதிகமாக இழுத்து வலப்பக்கம் விழுந்தான். "விடுங்க, விடுங்க, கொஞ்சம் விட்டுக் குடுங்க," என்று டீகன் முழங்காலில் அடித்துக்கொண்டாள். "ஆமா, நான்தான் விட்டுக் குடுக்கணும் எப்பவும்," என்றாள் கோரலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எத்தனை தடவை என்று நாங்கள் எண்ணவில்லை. ஜன்னலில் வெயில் தரைக்கு இறங்கி, அவள் பாதத்துக்கு வந்தது. அவர் அந்தப் பக்கம் தள்ள, இவள் இந்தப் பக்கம் தள்ள, மெர்வ் இரண்டுக்கும் நடுவில், குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப் போல ஆடி ஆடி நடந்தான். பலகை முழுவதும் அப்படித்தான் போனான். அடுத்த கரையில் கால் வைத்தபோது வின்ஸ் "போடு!" என்று கத்தி, உடனே வெட்கப்பட்டுக் கொண்டான்.

படிகள் சுழன்று சுழன்று மேலே போயின. இடப்பக்கமே திரும்புகிற படிகள். அங்கே அவள் கை சும்மா இருந்தது, ஏறியதெல்லாம் அவர்தான். உச்சியில் கோரலி பச்சைப் பட்டனை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. வெளிச்சம் கடலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கேம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. மெர்வ் கீழே இறங்கினான், அவனுக்கு முன்னால் அதுவரை பார்க்காத ஒரு மணற்கரை திறந்தது. பாலமும் பள்ளமும் இல்லாமல், இடப்பக்கமாக நீண்டுகொண்டே போகிற கரை. அவன் அதில் நடந்தான்.

கொஞ்ச தூரம் போனதும் நாற்காலியில் இருந்த கன்ட்ரோலரின் சின்ன விளக்கு மினுக்கத் தொடங்கியது. பிறகு அணைந்தது. மெர்வ் நின்றான்.

"பேட்டரிதான்," என்று வின்ஸ் எழுந்தான். "வண்டியில கெடக்கும், இரு, எடுத்துட்டு வரேன்."

கோரலி காத்திருக்கவில்லை. தன் கையில் இருந்ததைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றி, இரண்டு பேட்டரிகளையும் எடுத்தாள். நாற்காலியின் பக்கம் சாய்ந்து, டெஸ்ஸினுடையதில் போட்டு, மூடியை அழுத்தி, பழைய இடத்திலேயே வைத்தாள். மெர்வ் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி இடப்பக்கம் நடந்தான். மேலே அந்த வெளிச்சம் சுற்றி வந்து அவன் கோட்டைத் தொட்டுவிட்டுப் போனது. கோரலி நாற்காலியின் காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பேட்டரி இல்லாத கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்து, குச்சியை மெல்லத் தள்ளித் தள்ளி ஆடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஆடுறேன்ல?" என்றாள், எங்களைப் பார்க்காமல்.