பாறையடிக் குளோவர்

களைகொத்தியை வேருக்கடியில் செருகி நெம்பினாள் நரேல். குளோவர் செடி லேசில் வருகிற ஜாதியில்லை. தண்டு ஓடுகிற வழியெல்லாம் கணுவுக்கொரு வேர் விட்டுத் தரையைக் கவ்விக்கொள்ளும். கோடை முழுக்க இந்த மலைவெளியில் அதைப் பிடுங்குவதுதான் அவளுக்கும் டார்சிக்கும் வேலை. பள்ளத்தாக்கில் மர ஆலை மூடியபிறகு இருவருக்கும் கிடைத்த ஒரே கூலி அது.

அடிவாரத்துப் பண்ணைகளில் இதே செடியை மாட்டுத் தீவனத்துக்காகக் காசு கொடுத்து விதைக்கிறார்கள். மேலே, காப்பிடமான மலைவெளியில், இது எவ்வளவு ஆபத்தான களை என்று மதிப்பெண் போட மெல்போர்னிலிருந்து பிலிப்பா வந்திருந்தாள். மதிப்பெண் ஏறினால் அடுத்த கோடையும் வேலை உண்டு.

"நல்லா சுத்திக் காட்டு," என்றான் டார்சி. "செடி எவ்வளவு அயோக்கியனோ அவ்வளவுக்கு நமக்குச் சோறு."

"நீ வாயை மூடிட்டுப் பிடுங்கு."

நரேல் பிலிப்பாவுக்கு ஓடைக்கரையைக் காட்டினாள். சவாரிப் பாதையில் குதிரை லத்தியிலேயே முளைத்திருந்ததைக் காட்டினாள். பிலிப்பா குறித்துக்கொண்டாள். இது போதாதென்று பட்டது நரேலுக்கு. பாதையை விட்டு விலகி, தாங்கள் மதியம் உட்கார்ந்து சாப்பிடும் பாறைக்கு அழைத்துப்போனாள். அதன் அடியில் பாய் விரித்தாற்போலக் குளோவர் பூத்துக் கிடந்தது.

"போன வருஷம் இங்க ஒண்ணுகூட இல்ல," என்றாள் பெருமையாக.

"குதிரை இங்க வருமா?"

"எங்களைத் தவிர ஒருத்தரும் வர்றதில்லை."

பிலிப்பா நரேலின் பூட்ஸைப் பார்த்தாள். அடியில் சேறும் குளோவர் விதையும் அப்பியிருந்தன.

"தினம் கழுவுவீங்களா?"

நரேல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "எதுல கழுவுறது? கழுவுற தொட்டி கேட்டு ரெண்டு வருஷமாச்சு. நீங்களாவது எழுதுங்க."

"கண்டிப்பா எழுதறேன்."

எழுதியும் இருந்தாள். மதிப்பெண் உச்சத்தில் வந்தது. கூடவே மேலிடத்து முடிவும் வந்தது: இனி பாதைக்கு வெளியே ஆள் கால் படக் கூடாது, களைக்கொல்லியை ட்ரோன் தெளிக்கும்.

"அப்ப குதிரை?" என்று கேட்டாள் நரேல்.

"அதுக்கு அனுமதிச்சீட்டு இருக்காம்," என்றான் டார்சி.

வேலையின் கடைசி நாள், பாதையோரம் நட்டிருந்த அடையாளக் குச்சிகளைப் பிடுங்கிவர இருவரும் போனார்கள். மலைவெளிக்கு ஏறும் வாசலில் புதுத் தொட்டியும் பிரஷும் இருந்தன. வேலையாட்கள் பூட்ஸைக் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்றது பலகை. நரேல் குத்தவைத்து, சேற்றைச் சுரண்டிச் சுரண்டித் தேய்த்தாள். சவாரிக் குதிரைகள் வரிசையாக வந்தன. டார்சி எழுந்து வாசல் சங்கிலியை அவிழ்த்து வழிவிட்டான். கடைசிக் குதிரை தொட்டியருகே நின்று, வாலைத் தூக்கி லத்தி போட்டுவிட்டு, மலைவெளிக்கு ஏறிப்போனது.