ரத்தினம் ஆணையிடவில்லை

ரத்தினம் அருமனைப் பக்கத்து ஊர்களில் அம்மைத் தடுப்பூசி குத்தும் சர்க்கார் ஊழியர். ஐம்பத்தாறு நவம்பரில் அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததும், அவளைப் போன்றவர்களைப் புதிதாகப் பிரமாணம் எடுக்கத் தாலுகா கச்சேரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"கடவுள் மேல் ஆணையாக" என்று தாசில்தார் வாசித்துக் கொடுத்தார். ரத்தினம் தலையை ஆட்டி மறுத்தாள்.

"என்னம்மா, தமிழ் ராஜ்யம் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னய்யா? ஆணையிடக் கூடாதுன்னு ஏசு சொன்னது வேதத்துல இருக்கு."

"மகாராஜா பேர்ல ஆணையிட்டுத்தானே வேலைக்குச் சேர்ந்தீங்க?"

"வேலை போயிருமேன்னு பயந்து சொன்னேன். பன்னிரண்டு வருசமா அது எனக்க நெஞ்சை உறுத்துது. இன்னொரு தடவை சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வேலையை நினைத்துப் பயந்தாள். இரண்டு பிள்ளைகள் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள்.

தாசில்தார் கோபப்படவில்லை. காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நிதானமாகப் படித்தார்.

"ஆணையிட மனசில்லாதவங்க 'உளமார உறுதி கூறுகிறேன்'னு சொன்னாப் போதும்னு கீழே போட்டிருக்கு. காலையிலேருந்து நான் இதைப் பார்க்கவே இல்ல."

"அப்படின்னா சொல்லுகேன்யா!"

நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று அவள் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறை குமாஸ்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருசத்துப் பாரம் நெஞ்சைவிட்டு இறங்கியது போலிருந்தது. கையெழுத்தைக்கூடப் பெரிதாகப் போட்டாள்.

பிரமாணம் எடுக்க அடுத்து நின்ற சேவகர் ரசலையன் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எனக்கும் அந்தக் கீழே உள்ளதையே வாசிங்க."