அம்மனுக்கு நேர்ந்த சேவல்

கோழி பிடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் தையல்நாயகி முதலில் செய்த காரியம், சேவலைக் கூடையில் போட்டுத் தறிக்குழிக்குள் இறக்கியதுதான். பாவு நூல் தீர்ந்து தறி சும்மா கிடந்தது வசதியாகப் போயிற்று.

பக்கத்துப் பண்ணையில் பறவைக் காய்ச்சல். மனுசருக்குத் தொற்றிப் பரவ ஆரம்பித்தால் யாராலும் தாங்க முடியாது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டே ஐயம்பேட்டைக் கோழிகளை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். தையல்நாயகி தன் பெட்டைகளை மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். சேவலைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. போன வருடம் மகள் அபிநயா டெங்குவில் கிடந்தபோது அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. நேர்ந்துவிட்டதை விற்கக் கூடாது, அடித்துக் குழம்பு வைக்கக் கூடாது, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. அம்மன் சொத்தை அரசாங்கத்துக்கு எப்படித் தருவாள்?

அவள் சேவலை ஒளித்தது கணவன் சபாபதிக்கும் தெரியும். தெரியாதவன் மாதிரி கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். முடி என்றால் அந்த மனுசனுக்கு உயிர். மகளுக்கு மொட்டை போடத் திருத்தணிக்குப் போனபோதுகூட, "எனக்கு வோணாம்பா" என்று நழுவிவிட்டவன்.

மறுநாள் சேவல் இரை எடுக்கவில்லை. கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூக்கில் நீர் வடித்தது. பாவம் பார்த்து முந்தானையால் துடைத்தபிறகுதான் மைக்கில் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. நர்ஸ் லில்லிக்கு அவளே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கையுறை போட்டவர்கள் வந்து சேவலைக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாளில் தையல்நாயகிக்குக் காய்ச்சல் அடித்தது. லில்லி வந்து மூக்கிலும் தொண்டையிலும் சளி எடுத்தாள். "ரிசல்ட் வர்ற வரைக்கும் ரூம விட்டு வராதக்கா. பொண்ணு கிட்டவே வரக் கூடாது."

தையல்நாயகிக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை. சேவல் சோர்ந்த அன்று காலை அபிநயா தறிக்குழி ஓரம் உட்கார்ந்து அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளை பிழைக்கச் சேவலை நேர்ந்துவிட்டாளோ, அந்தப் பிள்ளைக்கே ஏதாவது ஆகிவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குத் தெம்பில்லை.

சபாபதி கஞ்சியை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்வான்.

"அபிக்கு எப்டி இருக்குது?"

"நல்லாத்தான் கீறா. இப்பத்தான் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்குது."

"இன்னொரு வாட்டி பாருயா."

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். எத்தனை முறை கேட்டாலும் போனான். ஒருமுறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

"அம்மன் கோவிச்சிக்கினு கீறாளாயா?"

"அவளுக்கு வேற வேல இல்ல பாரு. கஞ்சிய குடி தையலு."

கடைசியில் லில்லி ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள்: "வெறும் சளிக் காய்ச்சல்தான்கா. அது இல்ல. பாப்பாவுக்கும் ஒண்ணுமில்ல. சாயங்காலம் தலைக்கு ஊத்திக்கினு வெளிய வா."

மாலையில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தாள். அபிநயா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் சபாபதி நின்றான். தலையில் ஒரு முடிகூட இல்லை. சந்தனம் பூசிய மொட்டை, அதன் இரு பக்கமும் இத்தனை நாளும் முடி மறைத்திருந்த இரண்டு பெரிய காதுகள்.

"இன்னாயா இது?"

"சேவலுக்குப் பதிலா," என்றான், தரையைப் பார்த்தபடி. "நீ படுத்த அன்னிக்கே வேண்டிக்கினேன்."

தையல்நாயகி எட்டி அந்தத் தலையைத் தடவினாள். சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. இத்தனை நாள் வராத அழுகை அப்போதுதான் வந்தது.